சிரிப்பு வரும் இடம்

அவனுடைய இடது கால் மடங்கவில்லை. நாற்காலிக்கு வெளியே, ஆட்கள் நடக்கிற வழியில் நீட்டி வைத்திருக்கிறான். விளக்கை அணைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன், ஒரு தடவை பார்த்தால் போதும், ஆனாலும் இருட்டில் கண் அங்கேதான் போகிறது. திரையில் என் பெயர் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். கதை, வசனம், இயக்கம் தணிகாசலம். நான் பாதி எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவனும் தட்டினான். அகலமான உள்ளங்கைகள், மற்றவர்கள் தட்டுவதைவிட ஒரு சுதி கீழே கேட்கும், அப்போதும் அப்படித்தான். இருபத்தெட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இருதயராஜ், என் படத்தில் கோல்கீப்பராக நடித்தவன். இன்றைக்கு வருவான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சுகிர்தா, இந்தக் கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் நடத்துகிற பெண், போனில் கூப்பிட்டபோது "சார், சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க படம் போடறோம், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸும் இருக்கு" என்றாள். சால்வை, கேடயம், அந்த மாதிரி ஏதாவது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் இறங்கினால் இவன் நிற்கிறான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலை முழுக்க நரை, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நல்லா கீறீங்களா சார்?" என்றான். நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல் "வாங்க, வா" என்று இரண்டையும் சொன்னேன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு, வாடா என்றுதான் கூப்பிடுவேன். சுகிர்தா எங்கள் இரண்டு பேரையும் முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு போய்விட்டாள். படம் இரண்டு மணி பத்து நிமிஷம். அந்தக் காட்சி ஒரு மணி முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் வரும். கைக்கடிகாரத்தில் முள் பச்சையாகத் தெரிகிறது. இப்போது நான்கு நிமிஷம் ஆகியிருக்கிறது.

படத்துக்கு ஏழுக்குப் பூஜ்யம் என்று பெயர். தொண்ணூற்றேழில் ஒன்பது நாள் ஓடியது. ஒன்பதாவது நாள் தியேட்டரில் இருபது பேர் இருந்தார்கள், அதில் ஆறு பேர் படத்தில் நடித்தவர்கள். எல்லாரிடமும் தோற்கிற ஒரு கல்லூரிக் கால்பந்து அணி. எல்லா மாட்ச்சிலும் ஏழுக்குப் பூஜ்யம். பயிற்சியாளர் விட்டுவிட்டு ஓடிப்போகிறார், பிரின்சிபால் அந்தப் பொறுப்பைத் தமிழ் வாத்தியார் தலையில் கட்டுகிறார், அவர் ஜென்மத்தில் பந்தைத் தொட்டதில்லை. இதோ இப்போது வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். உதைக்கிறவன் எழுவாய், பந்து செயப்படுபொருள், கோல் பயனிலை, நம்ம ஆளுங்க விளையாடறது எல்லாம் பயனிலை இல்லாத வாக்கியம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைக்குத் தியேட்டரில் இந்த இடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, நான் பின்வரிசையில் நின்று பார்த்தேன். இவர்கள் வசனத்தை முன்கூட்டியே சொல்கிறார்கள், எப்போது மனப்பாடம் செய்தார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் அந்த அணி ஜெயிக்காது. ஏழுக்கு ஒன்று என்று தோற்கும், அந்த ஒரு கோலுக்கு ஊர்வலம் போவார்கள். ஜெயிக்காத ஆட்களைப் பார்க்க எதற்கு சார் டிக்கெட் எடுக்கணும் என்று விநியோகஸ்தர் கேட்டார். இப்போது அதற்காகவேதான் பிடிக்கிறது என்று எழுதுகிறார்கள். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட அருமையான காமெடி என்று ஒரு பையன் இருபது நிமிஷ வீடியோ போட்டான், அதற்குப் பிறகுதான் எல்லாம். அறுபத்து மூன்று வயதில், இருபது வருஷம் சீரியலில் மாமியார்களை மாடிப்படியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவனை, டைரக்டர் சார் என்று காலேஜ் காலேஜாகக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். பேட்டி கொடுக்கிறேன். எல்லாரும் அந்த ஒரு காட்சியைத்தான் கேட்கிறார்கள், அந்த கோல்கீப்பர் தரையை அடிக்கிற இடம் சார், எப்படி சார், என்று. அது அந்தப் பையனோட திறமை என்று சொல்லிவிடுவேன். பணிவாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் அது ஸ்டிக்கராக வந்துவிட்டது. சேற்றில் கவிழ்ந்து கிடக்கிற ஒருவன், வாய் பிளந்திருக்கிறது, வலது கை தரையை அடிக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடியும் முதலிலிருந்து. பரீட்சையில் தோற்றால் அனுப்புகிறார்கள், பஸ் போய்விட்டால் அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டு குரூப்பில், அரக்கோணத்தில் ரயிலைத் தவறவிட்ட என் மைத்துனன் அனுப்பினான், மாமா படம் என்று கீழே எழுதி. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி கோமதி போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். நிறுத்தத் தெரியாமல் அது அடித்துக்கொண்டே இருந்தது, நான் தட்டோடு எழுந்து போய்க் கை கழுவினேன். இவனும் பார்த்திருப்பானா. பார்க்காமல் எப்படி இருப்பான், ஊரே வைத்திருக்கிறது. யாராவது இவனுக்கே அனுப்பியிருப்பார்களா. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து திரும்பமாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் தெரிகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறான். தமிழ் வாத்தியார் விசிலைத் திருப்பி வைத்து ஊதுகிறார், இவன் சிரித்தான். சிரித்தானா, இருமினானா.

நிஜ ஆட்டக்காரர்கள் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நடிகர்களை ஓடவிட்டால் கல்யாண வீட்டில் பந்தி பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். பதினோரு பேரில் ஏழு பேரை வியாசர்பாடியிலிருந்து கூட்டிக்கொண்டு போனோம். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். ஆட்டம் தெரிந்தவனைத் தெரியாதவன் மாதிரி ஆடச் சொன்னால் அவனுக்கு வராது, பந்தைப் பார்த்ததும் கை தானாகப் போய்விடும், இவன்தான் எல்லாரையும்விட மோசம், கோலை விடுடா என்றால் விடவே தெரியாது. பிடித்துவிட்டு "மன்னிச்சுக்கோங்க சார், கை போயிடுது" என்பான். மொத்த யூனிட்டும் சிரிக்கும். அடுத்த புதன்கிழமை ஒரு வங்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுத்துவிட்டால் நிரந்தர வேலை, திங்கட்கிழமை ராத்திரி ரயிலுக்கு என்னை அனுப்பிவிடுங்கள் என்று வந்த முதல் நாளே சொல்லியிருந்தான். அனுப்பிவிடுகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. வெயில் சாதாரணமாக அடித்தது, மழையே இல்லை. சேறு இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத்தான் தோன்றியது, தண்ணீர் லாரி வரச் சொன்னேன். கோல் கம்பத்துக்கு முன்னால் இரண்டு லாரித் தண்ணீர். பந்து அவன் காலுக்கு நடுவில் உருண்டு போகும், திரும்பித் துரத்தி ஓடி வழுக்கி விழ வேண்டும், எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். இவன் வந்து சேற்றைக் காலால் அமுக்கிப் பார்த்தான். "சார், இந்த இடம் வேணாம் சார். பூட்ஸ் மாட்டிக்குது. அந்தாண்ட போய் உளுந்துக்கறேன்." அங்கே வெளிச்சம் இல்லை. "வழுக்கினாத்தான்டா சிரிப்பு வரும்" என்றேன். சரி சார் என்று போய் நின்றான். இது எல்லாம் எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, போன வாரம் யாரோடு என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது.

ஓடினான். இடது பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. எனக்குச் சத்தம் கேட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன், பத்தடி தூரம், கேட்காமல் என்ன. கவிழ்ந்து விழுந்தான், பந்து மெதுவாகப் போய் வலையைத் தொட்டது, அவன் தரையை அடித்தான். கரையில் இருநூறு பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிற ஆட்களாக நடிக்க உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள், நான் சொல்லாமலே, நிஜமான சிரிப்பு, அதற்கு முந்தின நாள் முழுக்கக் கத்திக் கத்திக் கேட்டும் வராத சிரிப்பு. இரண்டாவது தடவை அடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. கேமராமேன் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நான் கட் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அடித்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தான். அப்போதும் சொல்லவில்லை. அந்த ஷாட் பதினோரு விநாடி. எடிட்டிங் அறையில் அதை நான் அளந்திருக்கிறேன். மனிதன் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்குப் பதினோரு விநாடி ரொம்ப நேரம். எடிட்டர் ஹபீப் பாய் ரீலை நிறுத்திவிட்டு "இது நடிப்பா தணிகாசலம்?" என்று கேட்டார். நடிப்புதான் பாய் என்றேன். அவர் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். அதை முழுதாக வைத்தார், அதற்குப் பின்னால் வலை ஆடுகிற ஒரு வெறும் ஷாட்டையும் சேர்த்தார், சிரிப்பு வரும் இடத்தில் ஜனங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கணும் என்பார். டப்பிங்கில் குரல் போடவில்லை, ட்ரம்பெட் வைத்து மூன்று அடிக்கும் மூன்று தடவை ஊதவிட்டோம். முதல் பிரதி போட்டுப் பார்த்த அன்றைக்குக் கோமதி அந்த இடத்தில் புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை, பயமாக இல்லை, வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன். கால் முழுக்கக் கட்டு. புதன்கிழமை போய்விட்டிருந்தது, அதைப் பற்றி அவனும் பேசவில்லை நானும் பேசவில்லை. மீதிக் காட்சிகளில் என் ஜெர்சியை யார் சார் போட்டுக்கறாங்க என்று கேட்டான். வேறு ஒருவனுக்குத் தொப்பி போட்டு முதுகுப் பக்கமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "அவன் குனிஞ்சு நிப்பான் சார், எனக்கு அப்டி நிக்க வராது, பாத்து எடுங்க" என்றான். மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். படம் வெளிவந்து போன பிறகு ஒருநாள் வியாசர்பாடிக்குப் போனேன், அவன் தெரு முனைவரைக்கும். சின்ன மைதானத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இவன் உட்கார்ந்திருந்தான், ஊன்றுகட்டையைப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு. பந்து அவன் பக்கம் வந்தது. கை போய்விட்டது, உட்கார்ந்தபடியே பிடித்துவிட்டான், பிடித்துத் திருப்பிப் போட்டான். நான் அங்கிருந்தே திரும்பி நடந்து பேசின் பிரிட்ஜ்வரைக்கும் வந்து பஸ் ஏறினேன். அவன் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாலும், பந்தைத் திருப்பிப் போட்டபோது அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பிடிபடவில்லை.

இடைவேளை விட்டுவிட்டார்கள். விளக்கு போட்டதும் எல்லாருக்கும் முகம் வந்துவிட்டது. காகிதக் கப்பில் டீ கொடுத்தார்கள், இவன் என்னுடையதையும் வாங்கிக் கையில் கொடுத்தான். என்ன செய்யறே என்று கேட்டேன், கடைசியில் நீ என்றுதான் வந்தது. "டோர்னமெண்ட்டுல மைக்ல பேசறேன் சார். ராயபுரம், காசிமேடு, எங்க ஆட்டம் நடந்தாலும் கூப்புடுவாங்க. சினிமா நடிகர் இருதயராஜ்னு நோட்டீஸ்ல போடுவாங்க." சொல்லும்போது சிரிப்பும் இல்லை கேலியும் இல்லை, வேலையைச் சொல்கிற மாதிரி சொன்னான். அப்போது ஒரு பெண் வந்து அவன் பக்கத்தில் நின்றாள், இருபது வயதிருக்கும், உயரம், அவன் மாதிரியே அகலமான கை. "என் பொண்ணு சார், ஆக்சிலியா. இங்கதான் பி.காம் ரெண்டாவது வருஷம்." அவள்தான் சுகிர்தாவிடம் போய் அது எங்க அப்பா மேடம் என்று சொல்லியிருக்கிறாள், அப்படித்தான் இவன் இங்கே வந்திருக்கிறான். அவள் என்னைக் கும்பிட்டாள். "சார், அப்பா அந்த சீனுக்கு ஒரு வாரம் பிராக்டிஸ் பண்ணாராமே. லாட்ஜ் ரூம்ல மெத்தைய கீழ போட்டு விழுந்து விழுந்து பாத்தாராம்." இவன் கப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப ஒரு நடிப்பு நடிச்சுக் காட்டுங்கன்னா முடியாதுன்றார் சார். கால் இருந்திருந்தா பெரிய காமெடியனா வந்திருப்பாரு. அந்த பைக் மட்டும் விழாம இருந்திருந்தா." என்ன பைக் என்று கேட்கவிருந்தேன், வாய் திறந்துவிட்டது, அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். மணி அடித்தது. அவள் தோழிகளோடு பின்வரிசைக்கு ஓடினாள். அவன் காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபடியும் வழியில் நீட்டி வைத்துக்கொண்டான்.

இருட்டு. படம் ஒரு மணி ஒன்பது நிமிஷம் ஓடியிருக்கிறது. பாட்டு ஒன்று வருகிறது, அணி முழுக்க ஹாஸ்டல் மொட்டை மாடியில் லுங்கியோடு ஆடுகிறார்கள், இருபத்திரண்டு வயது இருதயராஜ் இரண்டு காலிலும் குதிக்கிறான், அப்படி ஒரு உயரம் குதிக்கிறான், எனக்கு ஞாபகமே இல்லை, பக்கத்தில் இருப்பவனை இப்போது பார்க்கக் கூடாது என்று கெட்டியாகத் திரையைப் பார்க்கிறேன். ஒரு மணி இருபது. எழுந்து வெளியே போய்விடலாம், வயதான ஆள், பாத்ரூம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் வெளியே போக அந்தக் காலைத் தாண்ட வேண்டும். ஒரு மணி இருபத்தேழு. குனிந்து அவன் காதுப் பக்கம் "இருதயம், அந்த ஷாட்டு" என்றேன். "தெரியும் சார்" என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். என்ன தெரியும். "முதல் நாளே தியேட்டர்ல பாத்துட்டேன். நானும் என் தம்பியும் போனோம். அவன் சிரிச்சான், அப்புறம் நிறுத்திட்டான்." குரலைத் தாழ்த்தித்தான் பேசினான், மைக்கில் பேசிப் பழகின குரல், தாழ்த்தினாலும் தெளிவாகக் கேட்டது. நான் இன்னிக்கு மேடையில் சொல்லிவிடுகிறேன் என்றேன். இருபத்தெட்டு வருஷமாகத் தேடின வார்த்தை இவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, உடம்பு லேசாகிவிட்டது, ஏதோ பாதி முடிந்துவிட்ட மாதிரி. அவன் திரும்பினான். "சொல்லாதீங்க." ஏன் என்றேன். "அவளுக்கு நாலு வயசுல டிவில போட்டாங்க சார். அப்பா அப்பான்னு டிவியத் தொட்டுத் தொட்டுச் சிரிச்சா. தரைய அடிச்சு அடிச்சுக் காட்டுனா. அந்த நேரத்துல போய் இன்னான்னு சொல்றது. நடிச்சேன்னு சொன்னேன். காலு எப்டிப் போச்சுன்னு கேட்டப்ப பைக்குன்னு சொன்னேன்." பின்னால் யாரோ ஷ் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், "உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. அது வேற சார்" என்றான்.

ஒரு மணி முப்பத்தாறு. அரங்கம் தயாராகிறது, எனக்குக் கேட்கிறது, நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன, யாரோ ரெடியா ரெடியா என்கிறார்கள். இதுவரைக்கும் போன காலேஜ்களில் இப்படி இல்லை, இங்கே ஏதோ பழக்கம் வைத்திருக்கிறார்கள். பந்து உருள்கிறது. காலுக்கு நடுவில் போகிறது. திரும்புகிறான், ஓடுகிறான், விழுகிறான். கை உயர்கிறது, தரையில் விழுகிறபோது முந்நூறு பேரும் நாற்காலிக் கையை அடித்தார்கள், டம் என்று, ஒரே அடி. மறுபடியும் டம். மறுபடியும். ட்ரம்பெட் அதில் கேட்கவே இல்லை. பிறகு அவன் முகம், திரை முழுக்க, வாய் திறந்து மூடுகிறது. ஐயோ என்று சொல்கிறான் என்று சிலர், அம்மா என்கிறான் என்று சிலர், அந்த வீடியோப் பையன் கோல் என்கிறான் என்று ஒரு விளக்கமே கொடுத்தான். அவன் சார் என்றான். என்னைத்தான் கூப்பிட்டான். வலை ஆடுகிற வெறும் ஷாட், ஹபீப் பாய் விட்ட இடம், அந்த இடம் நிரம்பி வழிந்தது, பின்வரிசையில் ஒரு பெண் குரல் எல்லாருக்கும் மேலே தனியாகக் கேட்டது, அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது. இருதயராஜ் நாற்காலிக் கையை அடிக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், குளிருக்கு வைக்கிற மாதிரி, கை போய்விடக் கூடாது என்று வைக்கிற மாதிரி. முகம் சிரித்தபடி இருந்தது. பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்காக வைத்துக்கொண்ட சிரிப்பு. பின்னாலிருந்து பார்த்தால் முகம் தெரியாது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு படம் என்ன ஆயிற்று என்று தெரியாது. ஊர்வலம் போனது, கைதட்டினார்கள், மேடையில் இரண்டு நாற்காலி போட்டார்கள். அவன் படியேறும்போது நான் முழங்கையைப் பிடித்தேன், பிடிக்கவிட்டான். ஆளுக்கொரு மைக். தமிழ் வாத்தியாரை எங்கே பிடித்தீர்கள், ஏன் ஜெயிக்க வைக்கவில்லை, இந்த மாதிரிக் கேள்விகள். வாய் தானாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, நான் உள்ளே உட்கார்ந்து சொல்லிவிடு, சொல்லாதே, சொல்லிவிடு என்று அரைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். இவன் மகளோடு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவு தெளிவாகத்தான் இருந்தது, ஆனாலும் நாக்கு நுனியில் அது நின்றுகொண்டே இருந்தது, நல்லவனாகிவிடலாம் என்ற ஆசை இந்த வயதில் இவ்வளவு பலமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுகிர்தா மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுத்தாள். ஆக்சிலியா எழுந்து நின்றாள். தோழிகள் ஓ என்று கத்தினார்கள். "சார், வீட்டுல அப்பா நிறைய தடவை சொல்லியிருக்காரு. ஆனா உங்க வாயால கேக்கணும். அந்த சீன் எப்படி எடுத்தீங்க?"

இருதயராஜ் மைக்கின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான், என் பக்கம் பார்க்கவில்லை. நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "நான் எழுதினது விழணும்கறது மட்டும்தான்மா" என்றேன். அதுவரைக்கும் உண்மை. "தரைய அடிக்கறது உங்க அப்பா போட்டது. முதல்ல ஒரு தடவைதான் அடிச்சாரு. எனக்கு அதுவே போதும்னு பட்டுது. அவர்தான் எழுந்து வந்து, சார், மூணு தடவை அடிச்சாத்தான் நிக்கும், எனக்கு இன்னொரு சான்ஸ் குடுங்கன்னாரு." அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். உடம்பெல்லாம் சேறு, கழுவிவிட்டு வந்து மறுபடியும் நின்றார், லைட்பாய்கள்கூடக் கைதட்டினார்கள், இந்த ஆள் எங்கேயோ போகப் போகிறார் என்று எங்கள் கேமராமேன் சொன்னார். ஒவ்வொன்றும் நன்றாக வந்தது. நடக்காத அந்தச் சனிக்கிழமை எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, அவன் சேற்றிலிருந்து எழுந்து பல்லைக் காட்டிக்கொண்டு என்னிடம் நடந்து வருகிறான், இரண்டு காலிலும். "மொத்தம் மூணு டேக் எடுத்தோம்" என்றேன். "நாலு சார்" என்றான் இருதயராஜ் மைக்கில். முந்நூறு பேரும் திரும்பினார்கள். அவன் சரியாக ஒரு மூச்சு விட்டான், எவ்வளவு விடவேண்டும் என்று தெரிந்தவன் மாதிரி. "நீங்க மறந்துட்டீங்க. மூணாவது டேக்ல ஒரு நாய் உள்ள வந்து பந்தக் கவ்விக்கினு போய்டுச்சு." சிரிப்பில் அரங்கமே அதிர்ந்துவிட்டது. நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான், யாரோ போட்டோ எடுத்தார்கள்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. ஆக்சிலியா ஆட்டோக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். இவன் முதலில் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் காலை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது, நான் குனிந்து குதிகாலைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தேன். கனமாக இருந்தது. நிமிராமலே "இருதயம், நான் உன்கிட்ட" என்று ஆரம்பித்தேன்.

"இனிமே எங்க கேட்டாலும் நாலுன்னே சொல்லுங்க சார்" என்றான். "நானும் அதத்தான் சொல்லப்போறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்."

அவள் வந்து அவனுக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டாள், போய்வருகிறோம் சார் என்று கும்பிட்டாள். ஆட்டோ கிளம்பியது. அவன் கம்பிக்கு வெளியே தலையை நீட்டினான்.

"நாயையும் சேத்துச் சொல்லுங்க."

சொல்றேன் என்றேன்.